இருநூற்றைந்தை 2005 என்று எழுதும் குழந்தைக்குப் பணம் சொல்லிக் கொடுப்பது எப்படி?

கேள்வி கேட்ட அம்மா சொல்லியிருப்பது சுருக்கமாக இதுதான். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நூறு வரை தடுமாறாமல் எண்ணுகிறாள், எழுதுகிறாள். ஆனால் ஒரு பக்கம் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று, இன்னொரு பக்கம் ஒரு ரூபாய் நாணயம் மூன்று வைத்து எது அதிகம் என்று கேட்டால் மூன்றைத்தான் காட்டுகிறாள். "இருநூற்றைந்து ரூபாய்னு எழுது" என்றால் 2005 என்று எழுதுகிறாள். இதற்கு எந்த ஆப் நல்லது, எந்த ஒர்க்‌ஷீட் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை இருபது வருடத்துக்கு மேல் பாடம் எடுத்திருக்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உங்கள் பெண் செய்யும் இரண்டு தவறுமே யோசித்துச் செய்யும் தவறுகள். மூன்று நாணயம் ஒன்றைவிட அதிகம் என்று சொல்லும் குழந்தை, ஒன்று இரண்டு மூன்று என்று பொருட்களை எண்ணக் கற்றுக்கொண்டதை அப்படியே பணத்துக்கும் பயன்படுத்துகிறாள். இவ்வளவு நாளாக நாம் அதைத்தானே சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? மூன்று மாங்காய் ஒரு மாங்காயைவிட அதிகம். பணத்தில் மட்டும் அந்த விதி உடைகிறது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. 2005-ம் அப்படித்தான். "இருநூறு" என்று காதில் விழுந்ததும் 200 எழுதினாள், அடுத்து "ஐந்து" விழுந்தது, பக்கத்தில் 5 எழுதினாள். கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறாள். ஆகவே திட்ட வேண்டாம், "எத்தனை தடவை சொல்றது" என்று ஆரம்பிக்கவே வேண்டாம்.

பணத்தை அடையாளம் காண்பது, தொகையை வாசிப்பது, தொகையை எழுதுவது ஆகிய மூன்றும் வேறு வேறு வேலைகள். ஒன்று வந்தால் மற்றது தானாக வரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், வராது. என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், வீட்டில் பெட்டிக்கடை. சாயங்காலம் கடையில் உட்கார்ந்து, மூன்று பொருளின் விலையை மனசுக்குள் கூட்டி, ஐம்பது ரூபாய்க்கு மீதி எண்ணிக் கொடுத்துவிடுவான், ஒரு ரூபாய்கூடத் தப்பாது. அதே கணக்கை நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இது அவன் ஒருவனுடைய கதை இல்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்த சிறுவர்களிடம் 1980-களில் ஆய்வாளர்கள் இதையே பார்த்தார்கள். விற்கும்போது கிட்டத்தட்ட எல்லாக் கணக்கும் சரி, அதே கணக்கைத் தாளில் கொடுத்தால் பெரும்பாலும் தவறு. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட குழு செய்த ஆய்வும் 2025-இல் வெளிவந்தது, அதிலும் இதே நிலைதான். மறுபக்கம், பள்ளிக் கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். அதனால் மூன்றையும் தனித்தனியாகக் கவனித்துச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் இணைக்க வேண்டும்.

முதலில் நாணயப் பிரச்சினை. நாணயத்தின் அளவே குழந்தையைக் குழப்பும் என்பதைப் பெரியவர்கள் கவனிப்பதில்லை. 2011-இல் வந்த வரிசையில் இரண்டு ரூபாய் நாணயத்தின் விட்டம் 25 மில்லிமீட்டர், ஐந்து ரூபாய்க்கு 23 மில்லிமீட்டர். இரண்டும் இன்றைக்கும் உங்கள் பர்ஸில் கிடக்கும், எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டு ரூபாய் பெரிதாக இருக்கும். ஆறு வயதுக் குழந்தை "பெரிசுதான் அதிகம்" என்று சொன்னால் அதில் என்ன தப்பு? அதனால் "பெரிய காசு, சின்ன காசு" என்ற பேச்சையே வீட்டில் விட்டுவிடுங்கள். "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று எண்ணைப் பார்க்கப் பழக்குங்கள்.

எண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது, அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று கை உணர வேண்டும். அதற்கு நான் செய்வது மாற்றும் விளையாட்டு. ஒரு டப்பா நிறைய ஒரு ரூபாய் நாணயம் வேண்டும், ஐம்பதாவது இருந்தால் நல்லது (கடைக்காரர்கள் சில்லறைக்காகத் தவிக்கும் ஊரில் இது கொஞ்சம் கஷ்டம்தான், கோயில் உண்டியலில் போட வைத்திருக்கும் காசை ஒரு மாதம் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்). ஐந்து ஒரு ரூபாயை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். அடுக்கியதும் அவள் கையாலேயே அந்த ஐந்தையும் உங்களிடம் கொடுத்து, ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வாங்கிக்கொள்ளட்டும். அப்புறம் திருப்பிச் செய்யட்டும், ஐந்து ரூபாயைக் கொடுத்து ஐந்து ஒற்றை ரூபாய் வாங்கட்டும். "ஐஞ்சு குடுத்தேன், ஒண்ணு வாங்கினேன், ஏமாந்துட்டேனா?" என்று கேளுங்கள். முதல் நாள் ஆமாம் என்பாள். நாலாவது ஐந்தாவது நாள் அவளே "இல்ல, அதுக்குள்ள அஞ்சு இருக்கு" என்பாள். அந்த வார்த்தை வரும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். என் வகுப்பில் ஒரு குழந்தைக்கு அது வர மூன்று வாரம் ஆனது, அதற்கப்புறம் அவளுக்குப் பணத்தில் தடங்கலே இல்லை.

அடுத்தது எல்லோரும் தலைகீழாகச் செய்யும் விஷயம். புழக்கத்தில் இருக்கும் எல்லாக் காசையும் நோட்டையும் ஒரே நாளில் பரப்பி வைத்து இது இரண்டு, இது இருபது, இது இருநூறு என்று சொல்லிக் கொடுப்பது. வேண்டாம். முதல் ஒரு மாதத்துக்கு ஒரு ரூபாய், பத்து ரூபாய், நூறு ரூபாய் இந்த மூன்று மட்டும் போதும். ஏனென்றால் இவைதான் ஒன்று, பத்து, நூறு என்ற இடமதிப்போடு அப்படியே பொருந்தும். பத்து ஒரு ரூபாயைக் கொடுத்து ஒரு பத்து, பத்துப் பத்தைக் கொடுத்து ஒரு நூறு. ஐந்தும் மாற்றும் விளையாட்டில் வந்துவிட்டதால் பழக்கமாகியிருக்கும், ஆனால் தொகை எழுதும்போது அதை ஒதுக்கி வையுங்கள். 2, 20, 50, 200, 500 எல்லாம் அப்புறம் வரலாம், அவசரமில்லை.

இந்த மூன்றை வைத்துத்தான் 2005 சரியாகும். ஒரு பெரிய தாளில் மூன்று கட்டம் போடுங்கள், இடமிருந்து வலமாக நூறு, பத்து, ஒன்று என்று தலைப்பு எழுதுங்கள். "இருநூற்று முப்பத்தைந்து ரூபாய் வை" என்று சொல்லுங்கள். நூறு கட்டத்தில் இரண்டு நோட்டு, பத்துக் கட்டத்தில் மூன்று, ஒன்றில் ஐந்து காசு. ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழேயும் எத்தனை இருக்கிறதோ அதை எழுதச் சொன்னால் 2, 3, 5. இதில் ஒரு சிக்கலும் வராது. இப்போது "இருநூற்றைந்து ரூபாய் வை" என்று சொல்லுங்கள். நூறு கட்டத்தில் இரண்டு வைப்பாள், ஒன்றில் ஐந்து வைப்பாள், நடுக்கட்டம் காலியாக இருக்கும். "இங்க எத்தனை இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். "ஒண்ணுமே இல்ல." "ஒண்ணுமே இல்லங்கறத எப்படி எழுதுவே?" அந்தப் பூஜ்ஜியம் அவளாகப் போட்ட பூஜ்ஜியம். நாம் நூறு தடவை "நடுவுல ஜீரோ போடணும்" என்று சொல்வதும் இதுவும் ஒன்றல்ல.

கூடவே அட்டை ஒன்று செய்துகொள்ளலாம். நீளமான அட்டையில் 200, அதைவிடக் குட்டையான அட்டையில் 30, இன்னும் குட்டையில் 5 என்று எழுதுங்கள், எல்லா இலக்கமும் ஒரே அகலத்தில் இருக்கட்டும். வலது ஓரம் ஒட்டினாற்போல் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால் 235 தெரியும். 200-ன் மேல் 5 மட்டும் வைத்தால் 205. தூக்கிப் பார்த்தால் அடியில் 200 ஒளிந்திருக்கும். 2005 எழுதும் பிள்ளைகள் இந்த அட்டையை ஒரு வாரம் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள், பார்க்க விடுங்கள்.

இப்போது வாசிப்பு. தமிழ் எண்ணுப்பெயர்களில் சில இடங்களில் குழந்தைகள் கட்டாயம் தடுக்கி விழுவார்கள், அது எந்த இடங்கள் என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. முதல் இடம் தொண்ணூறு. இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரை எல்லாம் "பது"வில் முடிகிறது, திடீரென்று தொண்ணூறு, அதற்குள் "நூறு" மாதிரி ஒலிக்கிறது. எத்தனையோ பிள்ளைகள் தொண்ணூற்றைந்து என்றால் 905 என்றோ 105 என்றோ எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி எண்ணூறு வரை "நூறு"வில் வந்துவிட்டு, தொள்ளாயிரம் என்றதும் காதில் ஆயிரம் விழுகிறது, 9000 என்று எழுதிவிடுவார்கள். இது தமிழில் உள்ளபடி அப்படித்தான், குழந்தை மேல் குற்றமில்லை. "தொண்ணூறுன்னா ஒன்பது பத்து, தொள்ளாயிரம்னா ஒன்பது நூறு" என்று சொல்லி, ஒன்பது பத்து ரூபாயை விரித்துக் காட்டுங்கள். பத்தாவது நோட்டை வைத்தால்தான் நூறு.

இரண்டாவது இடம் நூத்தஞ்சும் நூத்தம்பதும். பேச்சில் நாம் வேகமாகச் சொல்லும்போது கடைசி எழுத்துகள்தான் வித்தியாசம். 105-க்கும் 150-க்கும் நாற்பத்தைந்து ரூபாய் வித்தியாசம், குழந்தைக்கோ அஞ்சு, அம்பது இரண்டும் "அ"வில் ஆரம்பிக்கும் இரண்டு சத்தம். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு ஃபிஃப்டீன், ஃபிஃப்டி என்று அதே தொல்லை இன்னொரு பக்கம். தினமும் இரவு சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிடம் போதும், நீங்கள் சொல்லும் தொகையை அவள் எழுத வேண்டாம், எடுத்து வைக்கட்டும். நூத்தஞ்சு. நூத்தம்பது. நூத்திப் பதினஞ்சு. காதும் கையும் ஒன்றாகப் பழகிய பிறகு பென்சில்.

இங்கிலீஷ் மீடியம் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். "சிக்ஸ்டி ஃபைவ்" என்றால் உடனே 65 எழுதும் பிள்ளைக்கு "அறுபத்தஞ்சு" என்றால் புரிவதில்லை. கடைக்காரர் அறுபத்தஞ்சு ரூபாய் என்றுதான் கேட்பார். பள்ளியில் எந்த மொழியில் படித்தாலும் பணம் பற்றி வீட்டில் பேசும்போது தமிழ் எண்ணையே சொல்லுங்கள், இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

நோட்டுகளை அடையாளம் காண்பதில் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. பழைய நூறு ரூபாயும் 2018-இல் வந்த ஊதா நிற நூறு ரூபாயும் சேர்ந்தே புழங்குகின்றன. 2019-இல் வந்த இருபது ரூபாய் பச்சை கலந்த மஞ்சள், இருநூறு ரூபாய் பளிச்சென்ற மஞ்சள், மங்கலான வெளிச்சத்தில் பெரியவர்களே மாற்றிக் கொடுத்துவிடுகிறோம். ஆகவே நிறம் முதல் துப்பு, எண்தான் சாட்சி என்று பழக்குங்கள். குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும் ஒரு விஷயம் இருக்கிறது: புதிய நூறு ரூபாயின் இடது, வலது ஓரங்களில் தடவிப் பார்த்தால் தெரியும்படி நான்கு சாய்ந்த கோடுகள் இருக்கும், இருநூறில் நான்கு கோடும் நடுவே இரண்டு வட்டமும், ஐந்நூறில் ஐந்து கோடுகள். பார்வையற்றவர்களுக்காக அச்சிட்டது. கசங்காத நோட்டாகப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நோட்டின் பின்பக்கம் பதினைந்து மொழிகளில் தொகை எழுதியிருக்கும் பட்டியில், கீழிருந்து மூன்றாவது வரி தமிழ். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதில் "நூறு ரூபாய்" என்று எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் முகத்தை நீங்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். இருபது ரூபாய் நாணயம் கிடைத்தால் எத்தனை பக்கம் என்று எண்ணச் சொல்லுங்கள், பன்னிரண்டு.

பலவகைக் காசு கலந்து கிடந்தால் எண்ணுவது அடுத்த படி. மூன்று பத்து, ஒரு ஐந்து, இரண்டு ஒரு ரூபாய் என்றால் பத்து, இருபது, முப்பது என்று நன்றாக வந்துவிட்டு, ஐந்தைத் தொட்டதும் "நாற்பது" என்று அதே ஓட்டத்தில் போய்விடுவார்கள். முதலில் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். வகை மாறும் இடத்தில் மேசையை ஒரு தட்டு தட்டட்டும். பத்து, இருபது, முப்பது, தட்டு, முப்பத்தைந்து, தட்டு, முப்பத்தாறு, முப்பத்தேழு. அந்தத் தட்டு ஒரு மூச்சு விடும் நேரத்தைக் கொடுக்கிறது, அவ்வளவுதான், ஆனால் பெரிய உதவி.

எழுதுவதற்கு வருவோம். நாம் சொல்வது "ஐம்பது ரூபாய்", எழுதுவது ₹50 அல்லது ரூ.50. சொல்லும்போது பின்னால் வரும் ரூபாய் எழுதும்போது முன்னால் வருகிறது, அதனால் பிள்ளைகள் 50₹ என்று எழுதுவார்கள். குறியை முதலில் எழுதிவிட்டு எண்ணை எழுது என்று கையைப் பழக்கினால் போதும். இந்த ₹ குறியை வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார், 2010 ஜூலையில் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது என்று சொன்னால் பிள்ளைகள் அதை ஆசையாகவே வரைகிறார்கள்.

புள்ளியில்தான் பெரிய குழப்பம். பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுத்து "இதோட விலை எவ்வளவுன்னு கண்டுபிடி" என்று கொடுங்கள். எடை, தேதி, பேட்ச் எண் எல்லாம் தாண்டி எம்ஆர்பி என்ற இடத்துக்கு வந்து சேர்வதே நல்ல பயிற்சி. வந்த பிறகு அங்கே 10.00 என்று இருக்கும். என் வகுப்பில் பாதிப் பேர் "ஆயிரம் ரூபாய்!" என்று கத்துவார்கள். அந்தச் சின்னப் புள்ளி அவர்கள் கண்ணுக்கே தெரிவதில்லை. புள்ளிக்கு முன்னால் ரூபாய், பின்னால் பைசா, பைசாவுக்கு எப்போதும் இரண்டு இடம் என்று அப்போதைக்குச் சொன்னால் போதும். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது, ஐம்பது பைசா செல்லும் என்றாலும் கையில் யாரும் பார்ப்பதில்லை. கையில் தொடாத ஒன்றை இரண்டாம் வகுப்பில் திணிக்க வேண்டாம். மூன்றாம் வகுப்பு வரட்டும், பெட்ரோல் பங்க் போர்டைக் காட்டி வாசிக்கச் சொல்லலாம். அப்போது இரண்டு ரூபாய் ஐந்து பைசா என்பது 2.05, 2.5 அல்ல என்பதையும் முன்பு செய்த அதே காலிக் கட்டத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

எழுத்தால் எழுதும்போது முந்நூறு, ஐந்நூறு இரண்டிலும் "ந்நூ" வரும், முன்னூறு என்று எழுதுவது பெரியவர்களிடமும் இருக்கும் பிழை. நூறு என்பது பின்னால் இன்னொரு எண் வந்தால் நூற்று என்று மாறும், ஆயிரம் ஆயிரத்து ஆகும். வங்கியில் பணம் கட்டும் செலான் ஒன்றைக் கொண்டுவந்து கொடுங்கள், எண்ணால் ஒரு இடம், எழுத்தால் ஒரு இடம், கடைசியில் "மட்டும்". "மட்டும் எதுக்கு?" என்று கேட்பாள். பின்னால் யாரும் எதையும் சேர்த்து எழுதிவிடக் கூடாது என்பதற்கு என்று சொல்லுங்கள். எழுத்தாலும் எண்ணாலும் ஒரே தொகையை எழுதி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல ஒர்க்‌ஷீட் எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தலைமுறைக்கு இன்னொரு சிரமம் இருக்கிறது, பணம் கைமாறுவதையே அவர்கள் பார்ப்பதில்லை. கடையில் அம்மா போனைக் காட்டுகிறாள், ஒரு சத்தம் வருகிறது, பை கைக்கு வருகிறது. நகரப் பேருந்தில் 2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நல்ல திட்டம், ஆனால் அம்மாவோடு போகும் குழந்தை முன்பு தினமும் பார்த்த டிக்கெட், சில்லறை, மீதி எல்லாம் கண்ணிலிருந்து போய்விட்டது. அதனால் வாரத்தில் ஒரு நாள் ஒரு சாமானையாவது ரொக்கம் கொடுத்து அவள் கையால் வாங்க வையுங்கள். மற்ற நாட்களில் போனையும் பயன்படுத்தலாம். ஜிபேயில் தொகையை அவள் அடிக்கட்டும், நீங்கள் சரிபார்த்துவிட்டு பின் நம்பரைப் போடுங்கள். 50-க்குப் பதில் 500 அடித்தால் அங்கேயே நிறுத்தி, ஒரு பூஜ்ஜியம் என்ன செய்தது என்று பேசலாம். கடையில் இருக்கும் ஒலிப்பெட்டி தமிழிலேயே தொகையைச் சொல்கிறது, அது சொன்னதை வீட்டுக்கு வந்ததும் எழுதச் சொல்லுங்கள், வேறு யாரும் சொல்லும் டிக்டேஷனைவிட அதை ஆவலாக எழுதுவார்கள்.

மீதி கணக்குக்குக் கழித்தலைக் கொண்டுவராதீர்கள், கடைக்காரர் செய்வதைச் செய்யுங்கள். 37 ரூபாய்ச் சாமானுக்கு ஐம்பது கொடுத்தால், முப்பத்தேழு என்று சொல்லிவிட்டு ஒரு ரூபாய் ஒவ்வொன்றாக வைத்து முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது, அப்புறம் ஒரு பத்தை வைத்து ஐம்பது. கீழே வைத்ததை எண்ணினால் பதின்மூன்று. கழித்தலில் கடன் வாங்கும் முறை வருவதற்கு முன்பே இதை ஏழு வயதுப் பிள்ளைகள் செய்துவிடுவார்கள்.

சரி, ஆப், ஒர்க்‌ஷீட். நான் பார்த்த ஆப்களிலும் வீடியோக்களிலும் பெரும்பாலானவை டாலரும் சென்ட்டும் காட்டுபவை, அந்த நாணயங்களின் பெயரையும் மதிப்பையும் நம் பிள்ளை தெரிந்துகொண்டு ஆகப்போவது எதுவும் இல்லை. ரூபாய் காட்டும் ஆப் கிடைத்தாலும் அதில் காசு எல்லாம் ஒரே கனம், ஒரே அளவுப் படம். முதல் இரண்டு மாதம் வேண்டாம். ஒர்க்‌ஷீட்டைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளுங்கள், கையால் செய்ததைத் தாளில் பார்க்க மட்டும். விளையாட்டு நோட்டுக் கட்டு பொம்மைக் கடையில் கிடைக்கும், நூறு ரூபாய் நோட்டு நிறைய தேவைப்படும் கட்ட விளையாட்டுக்கு அதை வாங்கிக்கொள்ளலாம், உண்மையான நோட்டைக் கலர் ஜெராக்ஸ் எடுக்க வேண்டாம், அது சட்டப்படி தவறு. நாணயம் மட்டும் நிஜமாகவே இருக்கட்டும். கனமும் சத்தமும் அதில்தான் இருக்கிறது. இன்றைக்குச் சாயங்காலமே ஐந்து ஒரு ரூபாய், ஒரு ஐந்து ரூபாய் எடுத்து வைத்து ஆரம்பித்துவிடுங்கள், இரண்டு வாரம் கழித்து "அதுக்குள்ள அஞ்சு இருக்கு" என்று சொல்கிறாளா என்று எழுதுங்கள், அங்கிருந்து அடுத்ததைப் பார்ப்போம்.